பிளாஸ்கில் வந்த சூப்பு

...ஆட்டுக்கால் சூப்பு என்றால் யார் வைத்தாலும் வரும், எலும்பு தானாக வேகிறது, குக்கர் தானாக விசில் அடிக்கிறது, இதில் பெண்டாட்டியின் கம்பெனியில் வேலை செய்யும் அந்த விஜயராஜ் என்னத்தைக் கிழித்துவிட்டான் என்று நினைத்தபடியே அருள்தாஸ் அடுத்த நண்டின் ஓட்டைப் பெயர்த்தான். மொத்தம் பதினெட்டு. விடிந்ததும் பாகூர் ஏரி வாய்க்காலை ஒட்டிய வரப்புகளில் வளைக்குள் கைவிட்டுப் பிடித்தது, பூச்சிமருந்து அடித்த வயலையெல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்று வயல் தள்ளிப் போய், சேற்றில் முழங்கால் வரை நின்று, இரண்டு கடி வாங்கி... கட்டைவிரல் இன்னும் எரிந்தது. அவனுக்கு என்ன, கறிக்கடையில் நாலு கால் வாங்கியிருப்பான், மயிர் பொசுக்குவதைக்கூடக் கடைக்காரனே செய்து கொடுத்திருப்பான். புதன்கிழமை ஜோஸ்பின் கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், விஜயராஜ் அண்ணன் பிளாஸ்க்ல ஒரு சூப்பு கொண்டாந்தாருய்யா, இன்னா காரம் தெரியுமா, கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பூண்டும் மிளகுமா அப்படி ஒரு வாசனை, என்றாளே, அந்த வாசனை என்ற சொல் மூன்று நாளாக அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. ஏழு மாதமாக இந்த வீட்டில் சமைப்பவன் அவன். மீன்குழம்பு, கருவாட்டுத் தொக்கு, கோழிச்சாறு, எதற்காவது அவள் அப்படிச் சொன்னதுண்டா? சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள், அவ்வளவுதான். வாயே திறக்காதவள் வாசனை பற்றிப் பேசினால் அது சூப்பைப் பற்றிய பேச்சுதானா...

உரலில் போட்டு இடித்தான். கால்கள் நொறுங்கும் சத்தம் நன்றாக இருந்தது, விஜயராஜின் முகம் போனில் பார்த்த படமாக வந்தது, பைக்கில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி, நாற்பது வயதுக்கு மேல் என்ன கறுப்புக் கண்ணாடி, பெண்டாட்டி விட்டுப் போனதும் சமையல் கற்றுக்கொண்டானாம், இதையும் அவள்தான் சொன்னாள், பாவம் என்று வேறு சொன்னாள். இன்னொரு குத்து. மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு ஆண்டாளின் தலை எட்டிப் பார்த்தது.

"இன்னாடா அருளு, நண்டு இடிக்கிற சத்தம் கேக்குது. யாருக்குடா சளி?"

"யாருக்கும் இல்லக்கா. சும்மாதான்."

"சளி இல்லாத வூட்ல வயல் நண்ட எவன்டா இடிப்பான்? தின்னுறதுக்கு அதுல இன்னா சதையா இருக்குது? வேலைய வுட்டாலும் வுட்ட, உனுக்கு நண்டுகூடலாம் சண்ட."

சிரித்துவிட்டு அந்தத் தலை இறங்கியது. நைட் ஷிஃப்டை விட்டதைப் பற்றி இந்தத் தெருவில் பேசாத வாய் இல்லை, விட்டது அவன், ஆனால் உடம்பு விடவில்லை, இன்னும் ராத்திரி முழுக்க முன்னறையில் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது, அவள் உள்ளறையில் தூங்குகிறாள், அவள் எழுந்து வாசல் தெளிக்கிற நேரத்தில் இவன் படுக்கிறான், இவன் எழுந்து சோறு வடிக்கிறபோது அவள் இரண்டாம் ஷிஃப்டுக்குத் தலை வாருகிறாள். அதற்காக... அதற்காக ஒருத்தன் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவானா? இடித்ததில் தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியில் பிழிந்தான், கலங்கலாக இறங்கிய சாற்றைச் சின்னத் தீயில் வைத்துக் கைவிடாமல் கிண்டினான், கிண்டாவிட்டால் திரிந்துபோகும். பூண்டு, சின்ன வெங்காயம், சீரகம், தட்டிய மிளகு ஒரு கரண்டி. அவன் எத்தனை போட்டிருப்பான்? இன்னொரு கரண்டி. கண்ணில் தண்ணீர் வந்ததாமே. இரண்டு காய்ந்த மிளகாயையும் கிள்ளிப் போட்டான். நுரை கட்டி மேலே வந்தபோது இறக்கினான், ஒரு மடக்கு குடித்தான், காதுமடல் வரை சுட்டது. வா, இப்போது வா என்று யாரிடமோ சொல்லிக்கொண்டான்.

ஜோஸ்பின் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள். மூக்கு சிவந்தது. அவன் எதிரே நின்று அவள் வாயையே பார்த்தான், இதற்கு முன்னால் அப்படி எப்போது பார்த்தான் என்று நினைவில்லை, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"காரம் ஏறுதுய்யா."

"வாசன?"

"எங்கேர்ந்து தெரியும்? மூக்கு அடைச்சுக்கினு ஒரு வாரமாவுது. சோறும் ஒண்ணுதான், சவுக்காரமும் ஒண்ணுதான்." தம்ளரை இறக்கிவிட்டு, எதற்கோ கூச்சப்பட்டவள் மாதிரி சிரித்தாள். "எனக்குச் சளின்னுதான நண்டு புடிக்கப் போன?"

ஆமாம் என்றான். வாய் அதைச் சுலபமாகச் சொல்லிவிட்டது. ஒரு வாரம்... இன்று சனிக்கிழமை, அப்படியென்றால் புதன்கிழமையும் அந்த மூக்கு அடைத்துத்தான் இருந்தது, அப்புறம் எந்தப் பூண்டு, எந்த மிளகு, எந்த வாசனையை இவள் மோந்தாள்? வாசலில் நின்றுகொண்டு சொன்னாளே, சளி என்று அப்போதும் சொல்லவில்லையே, இல்லை, சொல்லியிருப்பாளோ, சூப்பு என்ற சொல்லுக்கு முன்னாலேயோ பின்னாலேயோ சொல்லி, இவன் காதில் ஓர் ஆணின் பெயர் மட்டும் விழுந்ததோ... கேட்கலாம். கேட்டால் பிடித்த நண்டெல்லாம் எதற்கென்று தெரிந்துபோகும். அவள் எழுந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"மிச்சத்த அந்த மூடி போட்ட டப்பால ஊத்துய்யா, எடுத்துக்கினு போறேன். விஜயராஜ் அண்ணனுக்குப் பாவம், என் சளி ஒட்டிக்கிச்சு. நேத்தெல்லாம் ஒரே இருமல்."

ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி, மூடியை அழுத்தித் திருகி, துணியால் துடைத்துக் கொடுத்தான். கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது, அவள் பையோடு ஓடினாள். அடுப்படியில் தனியாக நின்றபோது பூண்டும் மிளகும் தடையே இல்லாமல் இரண்டு மூக்குத் துவாரத்திலும் ஏறின. ஒரு தும்மல் இல்லை, தொண்டையில் ஓர் அரிப்பு இல்லை, ஏழு நாள், ஒரே கூரை, ஒரே குடத்துத் தண்ணீர்... வேண்டுமென்றே ஒரு தடவை இருமிப் பார்த்தான். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஒரு சளி ஒட்டுவதற்கு மனுசன் எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்?