மீதிப் பை

அந்த ஃப்ரிட்ஜைத் திறக்க நர்ஸ் முதலில் அதைச் சுற்றிக் கட்டியிருந்த பேண்டேஜ் துணியை அவிழ்க்க வேண்டியிருந்தது. கதவு ரப்பர் போய் எத்தனை காலமோ, துணியால் இறுக்கிக் கட்டினால்தான் மூடும். உள்ளே ஊசி மருந்துக் குப்பிகள், யாருடையதோ ஒரு டிபன் பாக்ஸ், பாதி குடித்த ஜூஸ் பாட்டில். அவற்றுக்குப் பின்னால் டியூபில் முடிச்சுப் போட்ட இரண்டு ரத்தப் பைகள், இரண்டிலும் பாதி அளவுதான் இருந்தது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் குரூப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு அதிர்ஷ்டம்தான், அவ குரூப்பே மீதி இருக்கு," என்றார். அண்ணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எவ்வளவு நல்ல மனுஷி என்று நானும்தான் நினைத்தேன்.

பட்டாணி என் அண்ணன் மகள். பிறந்தபோது உருண்டையாக இருந்தாள் என்று நான் வைத்த பேர் அது. அசல் பேர் இப்போது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அவளுக்கு மலேரியா. மலேரியாவுக்கு மருந்து கொடுக்கும் இந்தக் கட்டிடத்தைச் சுற்றிலும் சாக்கடை தேங்கிக் கிடக்கிறது. வந்தவர்கள் இன்னொரு தரமும் வர வேண்டும் என்கிற அக்கறை போலும். மருந்து கொடுத்ததில் காய்ச்சல் இறங்கியிருந்தது. காலையில் பிஸ்கட் கேட்டாள். ஆனால் நகமெல்லாம் வெளுத்து, பேசுவதற்கு முன் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசினாள். சின்ன டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் இதயம் தாங்காது என்றார். அவர் சொன்னது சரிதான். அதில் எனக்கு இன்றைக்கும் சண்டை இல்லை.

அண்ணன் வாயில்லாப் பூச்சி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பிள்ளைகள் தலையில் ஏறி மிதித்தாலும் ஹார்ன் மட்டும்தான் அடிப்பான். ஒரு பை கொடுத்தால் ஒரு பை தருவோம் என்பது கீழே ரத்த வங்கியின் வழக்கம். அவன் போய்ப் படுத்து ஒரு பை கொடுத்துவிட்டு வந்தான். வங்கியில் பட்டாணியின் குரூப் அப்போது இருப்பு இல்லை, நல்லவேளையாக அவன் குரூப் ஒத்துப்போனது. ஆனால் அதில் கிருமி இருக்கிறதா என்று சோதித்து முடிக்கச் சாயங்காலம் ஆகுமாம். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் இந்த மீதிப் பை வந்தது. பெரியவர்கள் கொடுக்கும் பை சின்னக் குழந்தைக்குப் பாதிகூடத் தேவைப்படாது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ரத்தத்தைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? அதனால் இந்த வார்டில் மீதியை முடிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்து வரும் பிள்ளைக்கு ஏற்றிவிடுவார்கள். ஒரு சொட்டுக்கூட வீணாக்குவதில்லை என்று நர்ஸ் பெருமையாகச் சொன்னார்.

ரத்தம் இறங்க ஆரம்பித்தபோது பட்டாணி பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, அப்பா ரத்தம் ஏத்தினா நானும் அப்பா மாதிரி பேசாம ஆயிடுவேனா?" என்றாள். இது அப்பாவுடையது இல்லை, வேறு யாரோ ஒரு வாயாடியுடையது, பயப்படாதே என்றேன். அண்ணன்கூடச் சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் கட்டில் ஆடத் தொடங்கியது. முதலில் யாரோ கட்டில் காலில் இடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவள் பற்கள் கிட்டித்துப்போய், உதடு நீலமாகி, காலையில் தின்ற பிஸ்கட் அப்படியே வெளியே வந்தது. தொட்டால் கை சுட்டது. நர்ஸ் ஓடிவந்து ஒரு கம்பளியைப் போர்த்தி, மலேரியாப் பிள்ளைகளுக்கு நடுக்கம் வரத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மேலே பை சொட்டிக்கொண்டே இருந்தது.

வார்டு முழுக்க நடுங்குகிற பிள்ளைகள். இங்கே இன்னொரு நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று யார் தேடப்போகிறார்கள்? ஆனால் இவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ரத்தம் உள்ளே போன பிறகுதான் நடுங்கினாள். இது தெரிய டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். எழுந்து டியூபில் இருந்த சக்கரத்தை உருட்டி மூடினேன். நர்ஸ் அங்கிருந்தே சத்தம் போட்டார். சத்தம் கேட்டு டாக்டர் வரட்டும் என்று நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன்.

சின்ன டாக்டர் வந்து ஒரு பார்வைதான் பார்த்தார். எதுவும் கேட்காமல் டியூபைக் கழற்றினார். அவள் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார். ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கலாம், பையைத் தூக்கிப் போடாதீர்கள், அதையும் சோதித்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும் என்று நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் முகம் வெளுத்துப்போய் ஃப்ரிட்ஜையே பார்த்தார். அதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். சீட்டைப் புரட்டி, இது மலேரியா முற்றியதில் வருவது என்று சொல்லி, பையைக் குப்பைக்கு அனுப்பச் சொன்னார். துப்புரவு ஆள் கை நீட்டுவதற்குள் நான் பையை ஸ்டாண்டிலிருந்து எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். குளிர்ச்சியே இல்லாமல் இருந்தது.

பெரிய டாக்டர் என்னிடம் பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இதே பையின் முதல் பாதியை நேற்று அந்த ஜன்னலோரப் பையனுக்கு ஏற்றினோம், பாருங்கள், எழுந்து உட்கார்ந்திருக்கிறான் என்று காட்டினார். சின்ன டாக்டர் மெல்ல, "அப்போ இது நம்ம ஃப்ரிட்ஜுலதான் கெட்டிருக்கு சார்," என்றார். பெரியவர் திரும்பிப் பார்த்ததும் அவர் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ரத்தம் கிடைக்காம வாரா வாரம் எத்தனை பிள்ளைங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? நீங்க இப்படிக் கத்தினா நாளைக்கு எவனும் பிள்ளைக்கு ரத்தம் ஏத்த விடமாட்டான்," என்றார் பெரிய டாக்டர். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அவர் கண்ணில் பட்டது. நான் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தேன். "ராத்திரி பூரா கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. ஃப்ரிட்ஜ் என்ன பண்ணும்? மொதல்ல உங்க ஆபீஸ்ல போய்க் கேளுங்க, ஏன் நிறுத்தினீங்கன்னு."

வீடு வீடாக ஏறி நாய்க்கும் மனிதருக்கும் பதில் சொல்லிப் பழகிய வாய் இது. ஆனாலும், அவர் சொன்னது பொய்யில்லை. கரண்ட்டை நாங்கள் நிறுத்தினோம். ரப்பரை இவர்கள் மாற்றவில்லை. குழந்தைகளுக்கென்று சின்னப் பைகள் கேட்டு எழுதியும் மேலே இருப்பவர்கள் அனுப்பவில்லையாம். ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டால் தப்பு யார் கையிலும் இல்லாமல் போய்விடும், என் மருமகள் உடம்பில் மட்டும் முழுசாக இருக்கும். பையைக் கொடுக்க முடியாது, சோதனைக்கு நானே கொண்டுபோகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கொத்தனார் வந்தார். கால்சட்டையெல்லாம் காய்ந்த சிமெண்ட், தோளில் ஒரு பையன். பையனுடைய உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிற வித்தியாசமே இல்லை. கீழே அவசரப் பிரிவில் குரூப் பார்த்துச் சீட்டு எழுதி, மேலே வார்டில் மீதி இருக்கும், சீக்கிரம் போ என்று அனுப்பியிருந்தார்கள். நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தார். பட்டாணியின் குரூப்தான். பழக்கதோஷம், அவர் கை பேண்டேஜ் முடிச்சுக்குப் போனது. நான் குறுக்கே போய் ஃப்ரிட்ஜை மறைத்து நின்றேன்.

ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது, என் மருமகளைப் பாருங்கள் என்று அந்த மனிதரிடம் சொன்னேன். அவர் பட்டாணியைப் பார்க்கவே இல்லை.

"வழி விடுங்கக்கா. இவன் மூச்சு விடறதப் பாருங்க. நல்லது கெட்டதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

இவருக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று பெரிய டாக்டர் என்னைக் கேட்டார். அந்த டாக்டரை அங்கேயே அறைந்திருப்பேன், கையில் பை இருந்ததால் தப்பித்தார். கெட்ட ரத்தத்துக்கும் ரத்தமே இல்லாததற்கும் நடுவில் ஒரு தகப்பனை நிறுத்திவிட்டு, அதற்கான கேள்வியை என்னிடம் கேட்கிறார்.

நர்ஸ் என் தோளைத் தொட்டு ஒதுக்கினார். நானும் ஏனோ ஒதுங்கினேன். முடிச்சை அவிழ்த்து இரண்டாவது பையை எடுத்தார். ஏற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். பிளீச்சிங் கரைத்து வைத்திருந்த வாளிக்கு மேலே பிடித்து, கத்தரியால் அடியில் வெட்டினார். கொத்தனார் வாளி விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ரத்தம் நுரைத்துக் காவி நிறமாகிக்கொண்டிருந்தது. அவர் நர்ஸைத் திட்டவில்லை. நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார்.

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தான். "கீழ என் பை இருக்கு. அதக் குடுங்க இவனுக்கு."

அண்ணி கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாள். "அது நம்ம பிள்ளைக்குங்க," என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். பட்டாணிக்குள் போனது கொஞ்சம், அதுவும் விஷம். அவளுக்கு இன்னும் ரத்தம் வேண்டும். சின்ன டாக்டர் பெரியவரைப் பார்க்காமலே பேசினார். ஒரு பை இரண்டு பேருக்கும் போதும், ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டால் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டியதில்லை, ஆனால் சோதனை முடிந்தாக வேண்டும் என்றார். கொத்தனார் சோதனை வேண்டாம், அப்படியே ஏற்றுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. அண்ணன் ரத்தம்தானே, அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று. அந்த நினைப்பு வந்ததில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணன் பையை உடனே சோதிக்கச் சொல்லிச் சின்ன டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, கெட்ட பையோடு கீழே இறங்கினேன். பின்னாலேயே பையனைத் தூக்கிக்கொண்டு கொத்தனாரும் வந்தார். ஆய்வகத்தின் கண்ணாடி ஜன்னல் மூடியிருந்தது. சாப்பாட்டு இடைவேளை என்று அட்டை மாட்டியிருந்தார்கள். உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணாடியில் கையால் அடித்தேன். யாரும் வராததால் அடையாள அட்டையின் விளிம்பால் அடித்தேன். பக்கத்தில் கொத்தனார் சுவரோரம் உட்கார்ந்து பையனை மடியில் கிடத்தியிருந்தார். சிமெண்ட் ஏறி வெடித்த புறங்கையை அவன் மூக்கின் கீழே வைத்துப் பார்த்தார். அந்தத் தோலுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கையைச் சட்டையில் தேய்த்துத் துடைத்துவிட்டு, என் கையை எட்டிப் பிடித்து இழுத்து, பையனின் மூக்கடியில் வைத்தார்.