ஒன்பது விலாசங்கள்

கோவன் பகுதிக் கப்பல் பட்டறை வாசலில் அந்தச் சிற்றுண்டி வண்டி இன்னும் விற்காமல் நிற்கிறதா என்று தினமும் காலையில் பேருந்திலிருந்தே பார்த்துக்கொள்வாள் செங்கா. விலை மூவாயிரம் பவுண்டு. பட்டறை ஆட்களுக்குச் சாசேஜ் வைத்த ரொட்டியும் தேநீரும் விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக நீராவியில் வெந்தது போதும்.

அறுநூறு பவுண்டு சேர்த்து வைத்திருந்தாள். மீதிக்கு, உழைக்கும் குடும்பங்களுக்கென்று புதிதாகத் திறந்திருந்த கடன் நிதியத்துக்குப் போனாள். அங்கிருந்த ஃபர்கஸ் என்ற இளைஞன் வங்கிக் கணக்குத் தாளைக் கேட்டான். செங்கா கொஞ்சம் பெருமையோடுதான் நீட்டினாள்.

சலவைக்கூடத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து போடும் சீட்டை நடத்துகிறவள் அவள். வாரம் ஆளுக்கு முப்பது. குலுக்கலில் பெயர் வந்தவளுக்கு முந்நூறு. அந்த வட்டாரத்தில் சீட்டுப் பணம் உறையில் வரும், உறையில் போகும். யார் யார் இருக்கிறார்கள் என்று வெளியே மூச்சு விடக்கூடாது. இந்த வருஷம்தான், எல்லாரும் தன் கணக்குக்கே அனுப்பட்டும் என்றாள். பணம் புரளுகிற கணக்கென்றால் கடன் கொடுக்கிறவர்கள் மதிப்பார்கள் என்று நினைத்தாள்.

"வெள்ளிக்கிழமையானா ஒன்பது பேர் பணம் அனுப்புறாங்க. உடனே மொத்தமா ஒருத்தருக்குப் போயிடுது," என்றான் ஃபர்கஸ். "வட்டிக்கு விடுறீங்களா?"

"சீட்டு தம்பி. கூட வேலை செய்யுற பொம்பளைங்க."

"நான் நம்புறேன். மேல இருக்கறவங்க நம்பணுமே. அவங்க விலாசத்தை எழுதிக் குடுங்க. ஆளுக்கொரு கடுதாசி போட்டுக் கேட்டுக்கறோம்."

பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேலேயே நின்றது. பிறகு ஒன்பது விலாசங்களையும் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை சலவைக்கூடத்தில் யாரும் அவளிடம் பேசவில்லை. கடைசியில் சீட்டில் ஒருத்தியான நெட்டாதான் வாயைத் திறந்தாள்.

"போப்பாண்டவருக்கும் ஒரு கடுதாசி அனுப்பச் சொன்னியாடி?"

"நெட்டா, நான் வந்து..."

"ஷோனாகிட்ட சொல்லு."

ஷோனா திரும்பாமலேயே பேசினாள். "கடுதாசியை என் புருஷன் பிரிச்சுட்டான். சீட்டுல எடுத்த முந்நூறு எங்கேன்னு விடிய விடிய கேட்டான். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பத்தான் வெச்சிருந்தேன். இப்ப அவன் பையில இருக்கு."

மூத்தவளான ஐசா குறுக்கே வந்தாள். "தெரியாம செஞ்சுட்டா, விடுங்கடி."

"தெரியாமயா? என் வீட்டு மாடி நம்பர்கூடத் தப்பில்லாம எழுதியிருக்கா, அக்கா," என்றாள் நெட்டா. "இனிமே இவ கணக்குல என் பேரு வராது."

சொன்னபடியே ஆயிற்று. வெள்ளிக்கிழமை யாரும் பணம் அனுப்பவில்லை. ஏற்கெனவே சீட்டு எடுத்திருந்த ஆறு பேரும் அவளைத் தாண்டிப் போனார்கள். இன்னும் எடுக்காத மூன்று பேர் உடைமாற்றும் அறையில் தயங்கி நின்றார்கள்.

"கேக்கவே வாய் வரல செங்கா," என்றாள் ஒருத்தி. "ஆனா ஆறு வாரம் கட்டியிருக்கேன். பையனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுக்கணும்."

சீட்டு நடத்துகிறவள்தான் பொறுப்பு. தலைக்கு நூற்றெண்பது வீதம் மூன்று பேருக்கும் தன் சேமிப்பிலிருந்தே கொடுத்தாள். அவளும் கடைசிச் சீட்டுக்காகக் காத்திருந்தவள்தான். அவள் கட்டிய ஆறு வாரப் பணத்தை அவள் யாரிடம் கேட்பாள்?

திங்கட்கிழமை, ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஃபர்கஸ் போனில் கூப்பிட்டான்.

"நல்ல சேதி. ரெண்டு பேரு பதில் போட்டிருக்காங்க. அதுவே போதும்னுட்டாங்க. உங்க பங்கு அறுநூறைக் காட்டினா மீதிப் பணம் நாளைக்கே வந்துடும்."

செங்கா வண்டியை விட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"எந்த ரெண்டு பேரு?"

"மன்னிச்சுக்கங்க. அந்தப் பேரை நான் வெளியில சொல்லக் கூடாது."

"நல்ல பழக்கம்," என்றாள் அவள். "எங்கிட்ட அறுபதுதான் இருக்கு தம்பி. அந்தக் கடன் காகிதத்தை மூடி வெச்சிடு."