ஹோலுக்குப் போன றேடியேற்றர்

கதவைத் திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. எனக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. செவன் கிங்ஸ் ஊரில் கிறிஸ்துராஜா அண்ணையின் வீட்டு ஹோல் ஒருநாளும் இப்படிச் சுட்டதில்லை. வாங்கி நாலு வருசமாகியும் பொலித்தீன் உறை கழற்றாத சோபா, வாசனைக்கு அடித்த ஏதோ கண்றாவித் தண்ணீரின் நாற்றம், யன்னலுக்குக் கீழே சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற புத்தம் புது இரட்டைத் தட்டு றேடியேற்றர். நான் பின் அறைக்கென்று எழுதிக் கொடுத்த அதே றேடியேற்றர்.

"அண்ணை, இது ஏன் இங்க நிக்குது?"

"வடிவா இருக்கெல்லோ?" அவர் அதைத் தடவிக் கொடுத்தார். "ஆறாயிரத்தைஞ்ஞூறு!"

என் பெயர் பெனிற்றா. ஒரு வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று அளந்து சொல்வது என் தொழில். மூன்று கிழமைக்கு முன் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது மெலனி என் கையைப் பிடித்தாள். கிறிஸ்துராஜா அண்ணையின் பெறாமகன் டெனுசனின் மனைவி. இவருடைய வீட்டுப் பின் அறையில்தான் இரண்டு பேரும் இருக்கிறார்கள். குறித்த நாளுக்கு எட்டுக் கிழமை முந்திப் பிறந்த பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில். "நேர்ஸ் வந்து வீட்டைப் பாப்பாவாம் அக்கா. அறை சூடா இருந்தால்தான் தம்பியை விடுவினமாம்" என்றாள். அன்று பின்னேரமே போய் அளந்தேன்.

மூன்று பக்கமும் வெளிச்சுவர், மேலே தட்டைக் கூரை, கீழே வெறும் சீமெந்து. வெளியே உறைகிற குளிர் என்றால் அந்த அறையிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாற் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியேறுவதை அப்படியே திருப்பிக் கொடுத்தால்தான் அறை சூடாக நிற்கும். இவ்வளவுதான் என் தொழிலின் பெரிய இரகசியம். கடைக்காரர் பெட்டியில் வாற்றைப் பெரிதாகப் போடமாட்டார்கள், பி.ரி.யூ என்று போடுவார்கள். ஒரு வாற் என்றால் மணிக்கு மூன்றரைக்குக் கிட்ட பி.ரி.யூ. ஆகவே ஆறாயிரத்து ஐந்நூறு என்று எழுதி, பக்கத்தில் 'பிள்ளையின் அறை' என்றும் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தேன்.

"இது பிள்ளையின்ர அறைக்கு எண்டெல்லோ எழுதித் தந்தனான்?"

"பிள்ளை வந்தால் சனம் பாக்க வரும். சுவாமியார் வருவார். கனடாவில இருந்து மச்சாளாக்கள் வருகினம். அவையைக் கொண்டுபோய்ப் பின் அறையிலயோ இருத்திறது?"

"அப்ப பிள்ளைக்கு?"

"இங்க கழட்டின பழசை அங்க பூட்டியாச்சு. சின்ன அறை, சின்னப் பிள்ளை. அதுக்கேன் பெரிசு?"

சீ என்று வந்தது எனக்கு. "விசரோ அண்ணை உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். "பொயிலர் முப்பத்தைஞ்சு கிலோவாற், பிள்ளை. எங்கட கோயில் பங்கில ஒருத்தரிட்டையும் இல்லை. முழு வீட்டுக்கும் காணும்."

இந்தப் பம்மாத்துத்தான் எனக்குக் குமட்டிக்கொண்டு வருவது. முப்பத்தைந்து என்பது குளிக்கும்போது சுடுதண்ணீர் பாய்வதற்கு. அந்த முழு வீட்டையும் சூடாக்கப் பத்துக் கிலோவாற் தாராளம். தண்ணீரைக் காய்ச்சி அனுப்புகிற பொயிலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓர் அறைக்குக் கிடைப்பது அந்த அறையின் றேடியேற்றர் கொடுக்கிற சூடு மட்டும்தான். பழசு கொடுப்பது அறுநூறு வாற். போதாக்குறைக்கு, பொயிலரை நிறுத்தச் சொல்லுகிற தேமோஸ்ற்றாற் ஹோல் சுவரில் இருக்கிறது. ஹோல் இருபது நிமிசத்தில் சூடாகிவிடும், உடனே அது பொயிலரை நிறுத்திவிடும். ஒருவரும் இல்லாத சோபாவுக்குச் சூடு, பின் அறைக்குப் பட்டை நாமம்.

பின் அறைக்குப் போனேன். மெலனி கையுறை போட்டுக்கொண்டு சுவரைப் பிளீச்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூலை முழுக்கக் கறுத்த பூஞ்சணம். தேய்த்த இடத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்தது. அந்த ஊத்தை மணம் தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டது. சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளித் தொட்டில். என் வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன், பதின்மூன்று பாகை.

"மாமாட்டச் சொன்னனான் அக்கா, கேக்கேல்லை. டெனுசனுக்கு அவரோட கதைக்கப் பயம். இண்டைக்கும் ஷிப்டுக்குப் போட்டார்." அவள் மூக்கைத் தோளில் துடைத்தாள். "நீங்கள் சொன்னால் கேப்பார்."

இண்டைக்கு இரண்டில் ஒன்று பார்க்கிறேன் என்றுதான் ஹோலுக்குத் திரும்பினேன். அங்கே அவர் ஒரு கடிதத்தை அடித்து வைத்திருந்தார். இவ்வீட்டில் முப்பத்தைந்து கிலோவாற் பொயிலர் உண்டு. ஆறாயிரத்து ஐந்நூறு பி.ரி.யூ புதிய றேடியேற்றர் பொருத்தப்பட்டுள்ளது. கீழே என் பெயரும் என் தகுதியும்.

"நேர்ஸ் இப்ப வந்திடுவா. கையெழுத்தைப் போடு. இதில பொய் ஏதும் இருக்கோ?"

இல்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை. எந்த அறையில் என்பது மட்டும் இல்லை. கோயில் பங்குச் சபைக்கு அவர்தான் தலைவர். நான் அளக்கப் போகிற வீடுகளில் பாதி அவருடைய வாயால் வந்தவை. "பெனிற்றாவைக் கூப்பிடுங்கோ" என்று அவர் சொன்னால் கூப்பிடுவார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். நான் பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

தாதி வந்ததும் வெக்கை தாங்காமல் கோட்டைக் கழற்றினாள். கிறிஸ்துராஜா அண்ணை தேத்தண்ணியும் கேக்கும் நீட்டினார். அவள் தன் வெப்பமானியை மேசையில் வைத்தாள். இருபத்திரண்டு பாகை. குழந்தை இங்கேயா படுக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குடும்பமே இந்த அறையில்தான் இருக்கும் என்றார் அவர், கூசாமல். அவள் என் பக்கம் திரும்பி, கணக்குப் பார்த்தது நீங்களா, சூடு போதுமா என்று கேட்டாள்.

"எல்லாம் கடிதத்தில் இருக்கிறது" என்றேன். யேசுவே, அதைத்தான் சொன்னேன்.

"தம்பி இங்க படுக்கிறேல்லை." மெலனி கையுறையோடு வாசலில் நின்றாள். பிறகு ஆங்கிலத்தில், "என்னோடு வாருங்கள், அறையைக் காட்டுகிறேன்" என்று தாதியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பின் அறையில் தாதி அதிகம் பேசவில்லை. வெப்பமானியைத் தொட்டிலுக்குள் வைத்துக் காத்திருந்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்தாள். குழந்தையின் நுரையீரல் இந்த அறையைத் தாங்காது, இது சரியாகும்வரை அனுப்பமாட்டோம் என்றாள். என் கடிதத்தைத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அவள் போன கையோடு கிறிஸ்துராஜா அண்ணை வெடித்தார். "பெத்த பிள்ளையை வீட்டுக்கு வரவிடாமல் செய்துபோட்டு நிக்கிறாய்! நீயும் ஒரு தாயோ?"

"ஓம் மாமா, நான்தான் செய்தனான்." மெலனியின் குரல் உடைந்தது. "ஆறு கிழமையா ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு இருந்தனான், எப்ப தூக்கிக்கொண்டு வாறது எண்டு. இண்டைக்கு நானே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவன் அங்கயே இருக்கட்டும்."

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோட்டைப் போட்டாள். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள். நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வாசலில் அவள் திரும்பி என்னை முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"அந்த அறையை அளந்தது நீங்கள் அக்கா. பதின்மூண்டு எண்டு கண்ணால பாத்ததும் நீங்கள்."

"காரில ஏறு பிள்ளை, கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம்" என்று கேற்றைத் திறந்தாள். "பஸ்ஸில சூடு போட்டிருப்பாங்கள்."