முதலில் யார் ஏறுவது

எங்கள் ஆட்களின் மரியாதையை நினைத்தால் சில நேரம் எனக்குத் தலை வெடிக்கும். எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். ஒரு தட்டில் கடைசியாகக் கிடக்கும் வடையை எடுக்க ஆளில்லாமல் அது காய்ந்து கல்லாகும். வடை என்றால் பரவாயில்லை. கடலிலும் இப்படி நடப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஜெர்மனியின் வடகடல் கரையில் ஒரு சின்ன ஊரில் எனக்கு வேலை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். அதோடு ஊர் மீட்புப் படகிலும் இருக்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது. பேக்கரி வைத்திருக்கும் பீலிக்ஸ்தான் படகுக்குத் தலைவர். தச்சர், பள்ளிக்கூட வாத்தியார் என்று மற்றவர்களும் வேலைவெட்டி உள்ளவர்கள்தான். கைத்தொலைபேசியில் அபாய மணி அடித்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஓட்டந்தான்.

அந்தச் சனிக்கிழமை, எனக்கும் சுகிர்தனுக்கும் கலியாணம் பேசி முடித்த பிறகு, இரண்டு வீட்டாரும் முதல் தடவையாக என்னிடம் வந்திருந்தார்கள். கெல்சென்கிர்ச்சனில் இருந்து அப்பாவும் அம்மாவும், ஹனோவரில் இருந்து சுகிர்தனும் அவனுடைய அம்மாவும். காலைத் தேத்தண்ணீர் குடிக்கும்போது சுகிர்தனின் அம்மா என்னைப் பார்க்காமல் என் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை கலியாணத்துக்குப் பிறகு உந்தப் படகு வேலையை விட்டிடுவாதானே?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுகிர்தனைப் பார்த்தேன். அவன் பிஸ்கற்றைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுகிர்தனை எனக்குப் பிடிக்கும், அவனை விட எனக்கு மனமில்லை. படகை விடவும் மனமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று எனக்குப் படகு முறை. ஊரைவிட்டு அசைய முடியாது, அவர்களோடு மணல்வெளியில் நடக்கவும் போக முடியாது. எங்கள் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறும் மணலும். அதில் வெறுங்காலோடு நடப்பதற்கென்றே சனம் வரும். ஆனால் தண்ணீர் திரும்பும்போது முன்னால் இருந்து வராது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால்கள்தான் முதலில் நிரம்பும். அதனால் பதினொரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நாலு பேருக்கும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பிவிட்டு, நண்டுக் கறிக்கு வெங்காயம் அரியத் தொடங்கினேன்.

நண்டு கொதிக்கும்போது மணி அடித்தது. மணல்திட்டில் நாலு பேர், சுற்றித் தண்ணீர். யாரென்று நான் கேட்கவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"உன்னுடைய ஆட்களா?" என்று படகடியில் பீலிக்ஸ் கேட்டார். "உன்னால் ஏலுமா? ஏலாதென்றால் சொல், வாத்தியார் வருகிறார்."

"ஏலும்" என்றேன். உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு படகில் ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அவர்களின் முழங்காலைத் தாண்டியிருந்தது. காற்றும் எழும்பியிருந்தது. பீலிக்ஸ் படகின் மூக்கைத் திட்டோடு முட்டவைத்துப் பிடித்தார். ஒவ்வொரு அலைக்கும் படகின் அடி மணலில் இடித்தது. கனநேரம் அப்படி நிற்க முடியாது. நான் முன்னால் படுத்துக் கையை நீட்டினேன்.

"மாமி, முதல் நீங்கள் ஏறுங்கோ" என்றேன் சுகிர்தனின் அம்மாவிடம்.

"ஐயோ, இல்லைப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் ஏறட்டும். அண்ணை, நீங்கள் ஏறுங்கோ."

"அதெப்பிடி?" என்றார் அப்பா, அலையில் இடுப்பளவு நனைந்துகொண்டு. "மாப்பிள்ளை வீட்டுக்காரரை விட்டிட்டு நாங்கள் ஏறுறதோ? நீங்கள் முதல் ஏறுங்கோ அக்கா."

"பொம்பிளை வீட்டார் இருக்க நான் ஏறினால் வடிவில்லை."

பீலிக்ஸ் பின்னாலிருந்து கத்தினார். "என்ன பிரச்சினை? யாருக்காவது காயமா?"

"இல்லை. யார் முதலில் ஏறுவதென்று கதைக்கிறார்கள்."

"என்ன?"

ஒரு அலை வந்து அம்மாவைத் தள்ளியது. சுகிர்தன் பாய்ந்து பிடித்தான். அதோடு என் பொறுமை போய்விட்டது. "வாயை மூடிக்கொண்டு ஏறுங்கோ!" என்று நான் கத்திய கத்து கரைக்கே கேட்டிருக்கும். தண்ணீருக்குள் குதித்து, மாமியை இடுப்பில் பிடித்து, அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிப் படகுக்குள் போட்டேன். மற்ற மூன்று பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் தாங்களாகவே ஏறினார்கள்.

படகைக் கரைக்குத் திருப்பினோம். கலியாணம் இனி நடக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஹனோவரில் இருந்து வந்த சம்பந்தியை வாயை மூடச் சொன்னவளை எந்த வீட்டில் மருமகளாக எடுப்பார்கள்? நாலு பேரும் உயிரோடு இருந்ததில் பெரிய ஆறுதல். அதையும் தாண்டி அழுகை வந்தது.

படகுக் கொட்டகையில் எல்லாருக்கும் கம்பளியும் சூடான தேத்தண்ணீரும் கொடுத்தோம். ஏன் நேரத்துக்குத் திரும்பவில்லை என்று பீலிக்ஸ் அவர்களிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"எங்களுக்கு எப்பவோ கால் விறைச்சிட்டுது" என்றார் அப்பா. "ஆனால் சம்பந்தியாக்கள் ஆசையாப் பாத்துக்கொண்டு நிக்கினம், நாங்கள் எப்பிடி 'வாங்கோ, போவம்' எண்டு சொல்லுறது?"

மாமி நிமிர்ந்தார். "நானும் உங்களுக்காகத்தானே அண்ணை நிண்டனான்! எனக்குச் சேறெண்டாலே அருவருப்பு."

சுகிர்தன் முதலில் சிரித்தான். பிறகு அம்மா. நான் இதை ஜெர்மனில் சொன்னதும் பீலிக்ஸ் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் நான் மாமிக்கு முன்னால் போய் நின்றேன். உடுப்பில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமி, கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீர் கத்தாட்டி நாங்கள் இப்பவும் அங்கதான் நிண்டிருப்பம்."

"இன்னுமொண்டு. நான் படகை விடமாட்டன் மாமி. அதைச் சொல்லாமல் கலியாணம் செய்ய எனக்கு ஏலாது."

இந்த முறை சுகிர்தன் வேறெங்கும் பார்க்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

மாமி தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "ஆர் உம்மை விடச் சொன்னது?"

"நீங்கள்தான். காலமை, தேத்தண்ணி குடிக்கேக்க."

"அது காலமை" என்றார் மாமி. "அப்ப நான் தண்ணிக்குள்ள நிக்கேல்லை."