அரக்குச் சேலை

கிறிஸ்துமஸ் தள்ளுபடிக்கு விடியற்காலம் ஐந்து மணிக்கே கடை திறப்பார்கள் என்று நோட்டீஸ் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன், இந்த வருஷம் அம்மாவைக் கலர்ச் சேலை கட்டவைக்காமல் விடுவதில்லை என்று. அப்பா இறந்து மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. அம்மா இன்னும் சாம்பலும் வெள்ளையுமாகவே கோயிலுக்குப் போகிறாள். பேர்தான் இருதயம். அதற்குள் என்ன இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க மாட்டாள்.

"எனக்குச் சுடிதார் எடுக்கணும், கூட வா" என்று பொய் சொல்லித்தான் கூட்டிப்போனேன். இராஜபாளையத்துப் பனியில், இறக்கிய ஷட்டருக்கு முன்னால் தலையில் துண்டும் ஸ்கார்ஃபுமாகக் கூட்டம் நின்றது. நாங்கள் வரிசையில் நின்று மூச்சுக்கூட விடவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏட்டி எலினா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா சேந்து வந்திருப்பம்லா?"

ஞானசௌந்தரி அத்தை. அப்பாவின் அக்கா. போச்சு! அப்பாவை அடக்கம் செய்த கையோடு அம்மாவின் பச்சை, சிவப்புச் சேலைகளையெல்லாம் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்தது இந்த அத்தைதான். "புருசன் போனவளுக்கு எதுக்குக் கலரு?" என்று அன்றைக்கு அவள் சொன்ன சொல்லை அம்மா இன்றுவரை மீறவில்லை.

ஷட்டர் ஏறியதும் கூட்டம் தள்ளிய தள்ளில் என் செருப்பு ஒன்று வாசலோடு போயிற்று. சேலை மேசையில் ஆளாளுக்கு இழுத்தார்கள். அரைவிலைச் சேலை கொஞ்சம்தான், தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று மைக்கில் ஒருத்தர் கத்திக்கொண்டேயிருந்தார். என் கையில் ஓர் அரக்குச் சேலை சிக்கியது. பொன் நிறத்தில் மெல்லிய கரை. அப்படியே அம்மாவின் தோளில் போட்டேன். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். அத்தையும் கவனித்துவிட்டாள்.

"இது யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"எந்தம்பி போன பொறவு இவளுக்கு அரக்கு கேக்குதாக்கும்? பூசைக்கு வாற நாலு பேரு என்ன நெனப்பாக?"

"அந்த நாலு பேரா எங்களுக்குச் சோறு போடுதாக? எங்கம்மா என்ன கட்டணும்னு சொல்ல நீங்க யாரு?"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"வாய மூடுட்டி! ஊர் வாய மூட உலைமூடி உண்டா? எனக்கு வேண்டாம்." சேலையை மேசையில் வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கா பனியில் நடுங்கிக்கொண்டு நின்றோம்? அதற்குள் யாரோ ஒருத்தி அந்தச் சேலையில் கை வைத்தாள். அவள் எடுத்துப் போய்விட்டால் இந்த வருஷமும் சாம்பல்தான்.

"செத்த இரு தாயி, பாத்துட்டுத் தாரேன்," என்றாள் அம்மா.

திரும்பவும் கையில் எடுத்தாள். எல்லாரும் முந்தானையைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பார்கள். அம்மா அடுத்த நுனியை எடுத்தாள். பேண்டேஜ் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் தூக்கி நிற்கிற நூலைச் சுருக்கம் விழாமல் நகத்தால் எடுத்துவிடுவாள். அந்தக் கைப்பழக்கத்தில் சேலையிலும் ஒரு நூலைப் பிடித்து இழுத்துவிட்டாள். சரக்கென்று ஒரு சாண் நீளத்துக்குச் சேலை சுருங்கிக்கொண்டது.

"ஐயையோ, என்னம்மா பண்ணிட்டீங்க!" சேல்ஸ்மேன் ஓடி வந்தான். சட்டையில் பிரேம்குமார் என்று பேர் குத்தியிருந்தது. "இழுவ விழுந்துட்டே. இனி இத யாருகிட்ட விக்க? நீங்கதான் எடுத்துக்கிடணும்."

"ஒத்த நூலுக்கே இந்தப் பாடுன்னா உங்க துணி லட்சணம் அப்படி!" என்று நான் பாய்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுட்டி. எங்கைதான இழுத்துச்சு. பில்லு போடுங்க தம்பி."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "சரி, வாங்கித் தொலை. எலினா கட்டட்டும்."

அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். "தையில அவளுக்கு நிச்சயம் வச்சிருக்கு மதினி. கல்யாணப் பொண்ணுக்கு இழுவ விழுந்த புதுத்துணி ஆகாதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

அத்தை சொன்னதுதான். போன வருஷம் தன் மகளின் கல்யாணச் சேலையில் ஒரு நூல் தூக்கி நின்றதற்குக் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியவள் அவள்.

"அப்பம் வேற யாருக்காவது குடுத்துரு," என்றாள் முணுமுணுத்துக்கொண்டு.

"கெட்டதப் போயி அடுத்தவுகளுக்குக் குடுக்கவா? பாவம்லா மதினி. நானே கட்டிக் கழிச்சிருதேன்."

அத்தை விறுவிறுவென்று போர்வைப் பக்கம் போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு நான் இன்னும் பொருமிக்கொண்டிருந்தேன்.

"புதுச் சேலையப் பாழாக்கிட்டியேம்மா. கம்பெனியில ஒருநாளும் உங்கை தப்புனதில்லையே?"

அம்மா பையைத் திறந்து அரக்குச் சேலையை ஒருதரம் பார்த்தாள். அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எங்கட்டி பாழு? உள்தலைப்புலதான இழுத்தேன். கட்டுனா இடுப்புக்குள்ள போயிரும்."