சீனித்தாயின் கட்டைவிரல்

நலவாரிய அட்டையைப் புதுப்பிப்பதற்கான இறுதி நாளன்று, வேம்பாரிலிருந்து பேருந்தில் வந்த சீனித்தாய் எங்கள் கணினி மையத்தின் வரிசையில் பதினான்காவதாக நின்றார். உப்பளத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் உப்பு வாரியவர். மாலை ஐந்து மணிக்குள் அவருடைய விரல்ரேகை பதிவாகாவிடில் அட்டை காலாவதியாகும். பின்னர் புதிய உறுப்பினராகத்தான் சேர இயலும். அந்த இருபத்தெட்டு ஆண்டுகளும் கணக்கில் வரா.

விரல்ரேகைக் கருவியானது தீப்பெட்டியினும் சற்றே பெரியது, யூ.எஸ்.பி. வயர் வழியாகக் கணினியுடன் இணைவது. அதன் கண்ணாடியை அன்று காலைமுதல் பதின்மூன்று பேர் தொட்டு ரேகை பதித்திருந்தனர். அவர்களுள் அறுவர், ரேகை நன்கு விழும் என்று நம்பி, விரலை நாக்கில் நனைத்தே வைத்தனர். உரிமையாளர் காசிலிங்கம் அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் தம் தோள்துண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். அதே நுனியால் கழுத்து வியர்வையையும் துடைத்துக்கொண்டார். வேறு துணி வைக்கலாமே என்று சொல்ல நினைத்தேன். ஆயினும் நான் அங்கு ஊதியம் பெறும் பணியாளர். நாற்பத்தாறாம் வயதில் கணினிப் பட்டயம் பெற்று இந்த நாற்காலிக்கு வந்தவள். அடுத்தவருடைய விண்ணப்பத்தைத் திரையில் திறந்தேன்.

சீனித்தாய் கட்டைவிரலை வைத்தார். கருவியின் சிவப்பு ஒளி எரிந்து உடனே அணைந்தது. ‘ரேகை பெறப்படவில்லை’ என்று திரை அறிவித்தது.

“உப்பு தின்ன கைலா அது. ஏளா, சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவிட்டு வா,” என்றார் அண்ணாச்சி.

கட்டடத்தின் பின்புறம், கழிவறையை ஒட்டிய குழாயடியில், மூன்று கடைகளுக்கும் பொதுவாக ஒரு சோப்புத் துண்டு கிடக்கும். அதன்மேல் எப்போதும் எவருடையதோ முடி ஒட்டியிருக்கும். நான் அதைத் தொடுவதில்லை. எனக்கென்று என் மேசை இழுப்பறையில் ஒரு சோப்புப்பெட்டி உண்டு. சீனித்தாய் குழாயடிக்குச் சென்று கழுவி வந்தார். மீண்டும் ஒளி எரிந்து அணைந்தது. ஒலிபெருக்கியில் ‘டொங்’ என்று ஓர் ஓசை எழுந்தது. கருவியின் இணைப்பு அறுந்தது என்பதே அந்த ஓசையின் பொருள். பாடத்தில் படித்திருந்தும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னொரு முறை கழுவி வருமாறு அவரிடம் கூறினேன். ஆம், இரண்டாம் முறை அனுப்பியவள் நான்.

அப்போதும் ரேகை விழவில்லை. மூன்றாம் முறை எலுமிச்சம்பழத்தால் தேய்க்கச் சொன்னார் அண்ணாச்சி. வரிசையில் நின்ற பால்துரை என்னும் லாரி அலுவலக எழுத்தர், “ஆச்சி, வெரல வேம்பார்லயே வச்சிட்டு வந்துட்டியளோ?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தனர். சீனித்தாயும் சிரித்தார். பிற்பகல் மூன்றரை மணிக்கு அவர் திரும்பியபோது, கட்டைவிரலின் பழைய வெடிப்பு எலுமிச்சைச் சாறு பட்டுச் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. அந்த விரலை வைத்தும் ரேகை விழவில்லை. அவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி பால்துரையை அழைத்தார்.

பால்துரையின் கை காகிதமன்றி வேறொன்றும் அறியாத மென்மையான கை. அதற்கும் ஒளி எரிந்து அணைந்தது.

“மிஷின் கோளாறு போல,” என்றார் அண்ணாச்சி. பால்துரையை எவரும் குழாயடிக்கு அனுப்பவில்லை.

அந்த ‘டொங்’ ஓசை அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து, செய்ய வேண்டியவற்றை முறைப்படி செய்யத் தொடங்கினேன். வயரைக் கழற்றிக் கணினியின் வேறொரு யூ.எஸ்.பி. துளையில் செருகினேன்; பயனில்லை. கணினியை அணைத்து இயக்கினேன்; கருவிகளின் பட்டியலில் கோளாறைக் காட்டும் மஞ்சள் குறி தோன்றியது. கருவிக்குரிய மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன். அடுத்த கடையில் கைபேசி பழுதுபார்க்கும் பர்னபாஸிடம் வேறொரு வயர் வாங்கி மாட்டினேன். மஞ்சள் குறி அகலவில்லை. அப்போது மணி நான்கைத் தாண்டியிருந்தது.

இறுதியில் கைபேசி விளக்கைத் துளையினுள் அடித்துப் பார்த்தேன். நான்கு பித்தளைப் பட்டைகள் தெரிய வேண்டிய இடத்தில் கருமையான கூழ் நிறைந்திருந்தது. அதனுள் எறும்புகள் இறந்து கிடந்தன. ஒரு கரப்பான் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முன்புறம், பின்புறம் என எல்லாத் துளைகளும் அவ்வாறே இருந்தன.

“அண்ணாச்சி, இதுக்குள்ள என்னத்த போட்டிய?”

“கிரீசுதான். ஞாயித்துக்கெழம பூட்டுக்குப் போடும்போது இதுக்கும் சேத்துப் போடுதேன். உப்புக்காத்துல துருப்பிடிச்சிரும்லா?” அவர் குரலில் பெருமிதமே இருந்தது. சாத்தான்குளத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் இங்கே இரும்புக்கடை நடத்தியவர். அவர் பேணிய பூட்டு எதுவும் துருப்பிடித்ததில்லை. காலைக் குளிர்ச்சியில் இறுகியிருந்த கிரீஸ், வெயில் ஏற ஏற இளகிப் பட்டைகளின்மேல் படர்ந்திருக்கிறது.

கணினியின் மின்சாரத்தைத் துண்டித்தேன். பர்னபாஸிடம் ஸ்பிரிட் வாங்கி, பல்குத்தும் குச்சியில் துணி சுற்றி, ஒவ்வொரு துளையாகத் துடைத்தெடுத்தேன். கூழ் நூல்போல் இழுபட்டு வந்தது. மீன்குடலின் நாற்றம் அதற்கு இருந்தது. எடுத்த அனைத்தையும் ஒரு வெள்ளைத்தாளில் வழித்து அண்ணாச்சியின் மேசைமேல் வைத்தேன். அவர் தாளைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

நான்கு மணி நாற்பத்தைந்து நிமிடத்தில் கருவியின் ஒளி நிலையாக எரிந்தது. சீனித்தாயின் விரலைப் பிடித்து நானே கண்ணாடியில் வைத்தேன். முதல் தடவையிலேயே ரேகை பதிந்தது. வெடிப்பும் கோடுமாகத் திரையில் அது தெளிவாகத் தெரிந்தது.

“எலுமிச்சம்பழம் வேல செஞ்சிருச்சு பாத்தியளா,” என்றார் அண்ணாச்சி. நான் ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுச் சீனித்தாயிடம் நீட்டினேன்.

ஒப்புகைச் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிய பின்னரே சீனித்தாய் தம் கட்டைவிரலைக் கவனித்தார். என் கையிலிருந்த கிரீஸ் அதில் கருமையாக அப்பியிருந்தது. வெடிப்பினுள்ளும் இறங்கியிருந்தது. அவர் குழாயடிப் பக்கம் திரும்பினார். நான் விரைந்து இழுப்பறையைத் திறந்து என் சோப்புப்பெட்டியை எடுத்து நீட்டினேன்.

அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். சந்தன மணம் வீசியது.

“இது காலைலயிருந்து இங்கனதான் கெடந்துச்சா?”

ஆமென்று தலையசைத்தேன்.

சீனித்தாய் பெட்டியை மூடி மேசைமேல் வைத்தார். சேலைத் தலைப்பில் விரலை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வேம்பார் பேருந்தைப் பிடிக்கச் சாலையில் இறங்கினார்.