கண்ணாடி அறையில் மீன் ஆணம்

காரைக்காலில் அந்த நூலகத்தைப் புதுப்பித்தபோது, நடுக்கூடத்து அலமாரிகளை மாடிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். இணையவழி வகுப்புகளுக்காக. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது.

வகுப்புக்கு யாரும் வரவில்லை. பக்கத்து ஊரான பட்டினத்திலிருந்து சுல்தான் பீவிதான் வந்தார். அவர் தெருவில் சிக்னல் நிற்காது. துபாயில் இருக்கும் மகள் ஷிஃபாவின் முகம் பேச்சின் நடுவே அசையாமல் நின்றுவிடும். இங்கே வைஃபை இலவசம். நூலகர் அறிவுச்செல்வன் அறையைத் திறந்துவிட்டான்.

தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

"ஊர்க்கதை பேசவா சார் நூலகம்? அந்த ரூமை எங்களுக்குத் தாங்க," என்றாள் எழில்மதி.

அறிவுச்செல்வன் தலையாட்டினான். மனைவி இறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் அப்படித்தான். இனி வரவேண்டாம் என்று அந்த அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டான்.

பேச்சு முடியட்டும் என்று அறைக்கு வெளியே நின்றான். அப்போதுதான் கவனித்தான். சுல்தான் பீவியின் குடை கதவிடுக்கில் மாட்டியிருந்தது. கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை.

"ஏண்டி, நாளைக்கு மாப்புள்ளயப் பெத்த மாமி வந்து இறங்குறாங்க, இன்னைக்கு ஆணம் காய்ச்சக் கத்துக்கிறியா? சட்டியக் காட்டு. அல்லாவே! ரசத்துல மீன் நீந்துது!"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அடுப்பத் தணி. தேங்காப்பால் கடைசியிலதான். மொதல்லயே ஊத்துனா திரிஞ்சிரும். மீனப் போட்டப்புறம் கரண்டியத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன். சட்டியப் புடிச்சு ஒரு ஆட்டு, அவ்வளவுதான்."

தலைகள் நிமிர்ந்தன. தருமபுரத்தில் அறை எடுத்துத் தானே பொங்கித் தின்னும் அகரன், மாதிரி வினாத்தாளின் ஓரத்தில் மீன்குழம்புப் பக்குவத்தைக் குறித்துக்கொண்டான்.

அறிவுச்செல்வன் கதவை இழுத்துச் சாத்தப் போனான்.

"சார், சாத்தாதீங்க!" எழில்மதியேதான். "புளி எவ்வளவுன்னு இன்னும் சொல்லல."

சுல்தான் பீவி திரும்பினார். கூடமே தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எல்லாம் கேட்டுச்சா? படிக்கிற புள்ளைங்களக் கெடுத்துட்டேனே தம்பி. இனிமே வரலப்பா."

அவன் சொல்லவேண்டியதை அவரே சொல்லிவிட்டார். தலையாட்டினால் போதும்.

ஆட்டவில்லை. அவன் வீட்டு அடுப்பில் வெகுநாளாகப் பால் மட்டுமே காய்கிறது.

"அடுத்த வாரமும் வாங்கம்மா," என்றான். "புளி எவ்வளவு?"

"எத்தன பேருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

"ஒத்த ஆளுக்குக் காய்ச்சுனா ஆணம் ருசிக்காது தம்பி. நாலு பேருக்குச் சொல்றேன். மிச்சத்த இந்தப் புள்ளைங்களுக்குக் கொண்டாங்க."

"உம்மா! இங்க அடிப்பிடிக்குது!" போனுக்குள்ளிருந்து ஷிஃபா கத்தினாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அறிவுச்செல்வனும்தான்.